இன்ஜின் கேட்டு வந்தவருக்கு

இந்த வாரம் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரவில்லை. கடல் சரியில்லை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் நேற்றுச் சாயங்காலம் தீர்ந்துபோனது. காலையில் பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் துடைத்து, பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். சரியாகச் சூடேறுவதற்கு முன்னால் பாதி எரிந்தும் பாதி எரியாமலும் ஒரு புகை வருமே, அது சமையலறை முழுக்கப் பரவிக் கண்ணைக் கரித்தது. ஜன்னலைத் திறக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அது அடுப்பு வாசனை இல்லை. லாங் ஐலண்ட் ஜெட்டியில் எங்கள் படகின் இன்ஜின் பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாறும்போது வருகிற வாசனை. வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பி பிரஷ்ஷோடு, அந்தப் புகையில் நீங்களும் வந்து நின்றீர்கள்.

நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கடிதம் எழுத வேண்டிய தூரத்தில் நாம் இருந்ததே இல்லை. இப்போது இருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதில் பாதியை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்துதான் பார்த்தீர்கள். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. மோட்டார் வைத்த சின்னப் படகை எங்கள் பக்கம் டுங்கி என்பார்கள். எங்கள் டுங்கிக்கு ‘ஆரோக்கியமாதா’ என்று பெயர். லாங் ஐலண்டிலிருந்து ரங்கத் பக்கம் யெரட்டா ஜெட்டி வரை ஆட்களையும், காய்கறிக் கூடைகளையும், சில நாள் ஆட்டையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு போவோம். தூத்துக்குடியில் வலை இழுத்துக்கொண்டிருந்த அப்பா இங்கே வந்து சுக்கான் பிடித்தார். இன்ஜின் என் பொறுப்பு. பொம்பளைப் பிள்ளை இன்ஜின் ஓட்டுகிறாளே என்று ஆரம்பத்தில் பேசியவர்கள், நான் ஓட்டாத அன்றைக்கு இன்ஜின் நடுக்கடலில் நின்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நீங்கள் வந்த காலையில் நான் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே நின்று, “யே டுங்கி கிஸ்கா ஹை?” என்று கேட்டீர்கள். யாருடைய படகு என்று ஒரு புது ஆள் கேட்டால் அது சர்க்கார் ஆளாகத்தான் இருக்கும். நான் உங்களுக்குப் பதில் சொல்லாமல் அப்பாவிடம் திரும்பினேன்.

“லைசென்ஸ் பாக்க ஆள் வந்திருக்கு. அந்தப் பேப்பரை எங்கன வச்சீய?”

உங்கள் முகம் மாறியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. “தமிழா! அப்பாடா. நான் லைசென்ஸ் ஆள் இல்லீங்க. போர்ட் பிளேர்ல மெக்கானிக். உங்க இன்ஜின்ல ஒரு நம்பர் இருக்கும். அதைப் பாத்துட்டுப் போயிடுறேன்.”

“இன்ஜின் நம்பர் ஒங்களுக்கு எதுக்கு?”

“பாத்துட்டுச் சொல்றேனே.”

அப்பா சரி என்று தலையாட்டினார். நீங்கள் இறங்கி, எண்ணெயும் கடல்தண்ணீரும் கலந்து தேங்கிக் கிடந்த அடிப்பலகையில் அந்த வெள்ளைச் சட்டையோடு மல்லாக்கப் படுத்துவிட்டீர்கள். வருஷா வருஷம் நாங்கள் அடித்த நீலப் பெயின்ட் இன்ஜின்மேல் தோல் தோலாக ஏறியிருந்தது. பிரஷ்ஷால் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தீர்கள். கடைசி எண் வந்ததும் கீழே கிடந்தபடியே சிரிக்க ஆரம்பித்தீர்கள்.

“அப்பா, ஆளுக்குச் சொகமில்லையோ?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

ஜெட்டியில் டீ வாங்கிக் கொடுத்தபிறகுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். போர்ட் பிளேரில் மரக் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் யுத்தத்துக்கு முன்னால் செய்த ஒரு காரை வைத்திருந்தார். கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், மூக்கு நீளம், பச்சை நிறம். ஓட்டப்பந்தயத்துக்கென்றே செய்த ஜாதி. அவர் ஊருக்குத் திரும்பிப் போனபோது கார் அனாதையாக நின்றது. இன்ஜினை யாரோ கழற்றி விற்றார்கள். பல வருஷம் கழித்து வெறும் கூட்டை நீங்கள் வாங்கி, ஒரு பழைய ஜீப் இன்ஜினை அதில் உட்கார வைத்தீர்கள். உயரம் போதாமல் மூடியை வெட்டித் தகரத்தைத் தூக்கி வைத்ததில், ஊரில் அதற்குத் தவளை என்று பேராகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் கல்கத்தாவில் பழைய கார்களுக்கு வருஷா வருஷம் ஒரு ஓட்டம் நடக்கிற செய்தி உங்கள் காதுக்கு வந்தது. கார் பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தால்தான் சேர்ப்பார்கள். முக்கியமாக, காரின் உள்தகட்டில் பொறித்திருக்கும் எண்ணும் இன்ஜினில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் தகட்டில் எண் இருந்தது. இன்ஜின் எங்கே போனதென்று தெரியவில்லை. அபர்டீன் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த காதர் பாய்தான் வழி சொன்னார். ‘இந்த அளவு பிளக்கை அந்தமானிலேயே ஒரே ஒரு ஆள்தான் வாங்குறார். லாங் ஐலண்டுல டுங்கி வச்சிருக்கிற தூத்துக்குடிக்காரர்.’

“அது எங்க இன்ஜின் இல்லியா இப்போ?” என்று நான் கேட்டேன்.

“உங்களோடதுதான். அதான் கேக்க வந்தேன்.”

“நீங்க வெளையாடுததுக்குக் கேக்கீய. இது ஆசுபத்திரிக்குப் போவுத படகு. தர முடியாது.”

அப்பா என்னை அதட்டினார். “ஏட்டி, வந்தவங்ககிட்ட பேசுத பேச்சா இது?” நீங்கள் கோபப்படவில்லை. டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அவங்க சொல்றது நியாயம்தான்” என்றீர்கள். போகும்போது ஒரு நிமிஷம் இன்ஜின் ஓடுவதைக் கேட்க வேண்டும் என்றீர்கள். ஓட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்தது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. உங்கள் அப்பா அதே கம்பெனியில் ஜீப் டிரைவர். அந்தப் பச்சைக் காரை வெள்ளைக்காரர்தான் ஓட்டுவார். உங்கள் அப்பா கழுவுவார், துடைப்பார், வெயில் நகர நகர அதைத் தள்ளி நிழலில் நிறுத்துவார். ஒருநாளும் அதில் ஏறி ஒரு தெரு தாண்டியதில்லை. அந்தக் காரைப் பற்றி வீட்டில் வந்து பேசுவார். அதன் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். நீங்கள் எங்கள் படகில் கண்ணை மூடிக் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

அடுத்த தடவை கப்பலில் நீங்கள் வந்து இறங்கியபோது உங்களோடு ஒரு பெரிய மரப்பெட்டியும் இறங்கியது. உள்ளே ஜீப் இன்ஜின். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் காரை நிறுத்திவிட்டு, இன்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தீர்கள்.

“இதை உங்க படகுல வச்சுத் தர்றேன். கொஞ்ச காலம் ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடுதுன்னு நீங்களா சொன்னாத்தான் பழசை எடுத்துப்பேன். இல்லன்னா திருப்பி வச்சுட்டுப் போயிடுவேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்பாவைப் பார்த்து அல்ல. அதை நான் கவனித்தேன்.

அப்பா யோசித்தார். எங்கள் இன்ஜினின் நிலைமை அவருக்கும் தெரியும். இத்தனை வருஷம் உப்புத்தண்ணீர் அதன் வயிற்றுக்குள் ஓடி ஓடி அரித்திருந்தது. நான் கெஞ்சிக் கொஞ்சித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். “சரி தம்பி, எத வேணும்னாலும் மாத்து. அடிப்பலகையில மட்டும் புது ஓட்டை போடக் கூடாது” என்றார். நீங்கள் சத்தியம் செய்வதுபோலத் தலையாட்டினீர்கள்.

பிறகு வேலை நடந்தது. படாக் மரத்தில் புதிதாகப் படுக்கை செய்து, ஜீப் இன்ஜினை அதில் இறக்கி, விசிறித் தண்டோடு இணைத்தீர்கள். நான் அருகிலேயே இருந்தேன். ஒரு ஸ்பேனரைக் கேட்டுக் கை நீட்டும்போது, கேட்டதைக் கொடுக்காமல் சரியானதைக் கொடுப்பேன். முதலில் முறைத்தீர்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டு வெறும் கையை நீட்ட ஆரம்பித்தீர்கள்.

முதல் சில பயணங்களுக்கு நீங்களும் கூடவே வந்தீர்கள். நன்றாகவே போயின. இன்ஜினுக்குப் பலம் அதிகம். படகு குதித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு காலை, மர மில்லில் ராஞ்சிக்காரத் தொழிலாளி ஒருவருக்கு ரம்பம் பாதத்தில் பாய்ந்துவிட்டது. துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீரோட்டம் எதிராக இருந்தது. வேகமாகப் போகச் சொன்னார் அப்பா. பாதிக் கடலில் இன்ஜினிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பியது. தொட முடியாத சூடு. பிறகு நின்றுவிட்டது.

நீங்கள் எல்லாம் செய்து பார்த்தீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. படகு மெதுவாகப் பாறைப் பக்கம் இழுபட்டது. அடிபட்டவர் சத்தம்கூடப் போடவில்லை. உதடு வெளுத்துப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் துடுப்பை எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். யெரட்டா ஜெட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம். கரையில் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உங்கள் உள்ளங்கைத் தோல் துடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், பிறகு நம் கல்யாணத்துக்கு வந்து நொண்டிக்கொண்டே ஆடினார் என்பதெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதலாம். அன்றைக்கு ஜெட்டியில் அது தெரியாது.

“இதை எறக்குங்க. எங்க இன்ஜினை ஏத்துங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்றோ, சரி செய்துவிடலாம் என்றோ. உங்கள் தாடை இறுகியது. எரிச்சல் இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஆனால் “சரி” என்று மட்டும் சொன்னீர்கள். கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த வாரமே ஜீப் இன்ஜினை இறக்கி, எங்கள் பழைய இன்ஜினைப் பழைய இடத்திலேயே வைத்தீர்கள். வைத்ததோடு விடவில்லை. அதன் வால்வுகளைத் தேய்த்து, முன்னைவிட நன்றாக ஓடும்படி செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினீர்கள். ஜீப் இன்ஜின் பெட்டியை அந்தக் கப்பலில் ஏற்ற இடமில்லை. “அடுத்த தடவை எடுத்துக்கறேன்” என்று ஜெட்டி ஷெட்டில் போட்டுவிட்டுப் போனீர்கள்.

எங்கள் பழைய இன்ஜின் நீங்கள் தேடித் திரிந்து கண்டுபிடித்த பொருள். அது உங்கள் கைக்குள் வந்தபிறகு, ஒரு பெண் ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காகத் திரும்ப வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு ஒருமாதிரி இருந்தது. காதல் என்றெல்லாம் பெயர் வைக்க எனக்கு அப்போது தெரியாது. வேலை செய்யும்போது கை நின்று நின்று போனது. ‘அந்த இன்ஜின் ஏன் கொதித்தது?’ என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டால் உங்களைப் பற்றி நினைக்கிறேன் என்று ஆகாதல்லவா.

பதில் கண்முன்னாலேயே இருந்தது. இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே வரும். எங்கள் குழாய் சின்ன இன்ஜினுக்கு அளவெடுத்தது. என் சுண்டுவிரல் அதில் நுழையாது. பெரிய இன்ஜினுக்கு அந்தத் தண்ணீர் எப்படிப் போதும்? பெரிய குழாய் போட வேண்டும் என்றால் அடிப்பலகையில் புது ஓட்டை போட வேண்டும். உங்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு உங்களைக் கட்டிப்போட்டிருந்தது. சமாளித்துவிடலாம் என்று நம்பிவிட்டீர்கள்.

அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, நம்ம இன்ஜின் இன்னும் எத்தனை மழை தாங்கும்? நாளைக்கு நடுக்கடல்ல இதுவும் நிக்கும். அப்ப துடுப்பு போட அவரு இருக்க மாட்டாரு” என்றேன். அப்பா எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தண்ணீர் வற்றிய ஒரு காலையில் டுங்கி மணலில் சாய்ந்து கிடந்தது. துளைக்கருவியை எடுத்துக்கொண்டு போய் அடிப்பலகையில் நானே ஓட்டை போட்டேன். மரத்தூள் ஈரமாக வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். “நேரா புடி, சாயுது” என்றார். அவ்வளவுதான்.

கப்பலில் மாலுமிகளுக்குத் தலைவராக இருந்த சரங்கிடம், ‘ஓட்டை போட்டாச்சு, வரச் சொல்லுங்க’ என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவர் தெலுங்கர். ஹிந்தியில் கேட்டு, ஹிந்தியில் இன்னொருவரிடம் சொல்லி, அது உங்களிடம் வந்து சேர்ந்தபோது ‘படகு ஓட்டையாகிவிட்டது, உடனே வா’ என்று ஆகியிருந்தது. அடுத்த கப்பலில் தாரும் பஞ்சும் கை பம்பும் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் கவலையாக வந்து இறங்கினீர்கள். ஓட்டையில் கட்டையை அடித்து அடைத்திருந்தோம், டுங்கி ஜெட்டியில் நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் அப்பாவே வெட்கப்பட்டார்.

“ஓட்டையை யாரு போட்டது?” என்று உள்ளே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

“நாந்தான். சாஞ்சிருக்கா?”

“இல்ல” என்றீர்கள். கொஞ்ச நேரம் விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். “நல்லா இருக்கு.”

பெரிய குழாயோடு மறுபடி ஏற்றிய ஜீப் இன்ஜின் கொதிக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் தாண்டும் வரை ஓட்டினோம். ஒரு நாள், நீங்கள் கேட்காமலே, “பழசை எடுத்துக்கிடுங்க” என்றேன். சொல்லிவிட்டுத் தனியாகப் போய் நின்றேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. புது இன்ஜின் சாவியைத் திருப்பினால் ஓடியது. கொஞ்ச வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை. சித்தப்பா மகன் தாசன் ஒரே வாரத்தில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டான். படகுக்கு நான் தேவைப்படவில்லை. அது நல்லதுதான், ஆனால் என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். “கல்கத்தாவுல கார்ல ரெண்டு பேர் போகணுமாம். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வழி சொல்லணும்.”

“கல்கத்தாவுல எனக்கு என்ன வழி தெரியும்?”

“எனக்கும்தான் தெரியாது. இந்த இன்ஜின் சத்தம் தெரிஞ்ச ஆளா இருந்தா போதும்.”

அப்பா வலையைத் தைத்துக்கொண்டே, “தம்பி இன்ஜின் கேட்டு வந்தான்னுல்லா நெனச்சேன்” என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து நம் கல்யாணம்.

போர்ட் பிளேரில் நம் முதல் வீட்டில் கட்டிலுக்கு முன்னால் உள்ளே வந்தது அந்த இன்ஜின்தான். நீலப் பெயின்ட்டைத் தோல் தோலாக உரித்தோம். உப்புப் படிந்த உள்வழிகளைக் கழுவ எதை ஊற்றினாலும் போகவில்லை. நான் புளியைக் கரைத்து ஊற்றலாம் என்றேன். சிரித்தீர்கள். பிறகு நீங்களே காதர் பாய் வீட்டிலிருந்து ஒரு கூடைப் புளி வாங்கிக்கொண்டு வந்தீர்கள். தெரு முழுக்க ரச வாசனை. கறுப்பாக, பச்சையாக என்னென்னவோ கரைந்து வந்தது. மீதியைக் கம்பி விட்டுச் சுரண்டினோம்.

காரிலும் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். வெட்டிய மூடிக்குப் பதில் புதுத் தகடு அடிக்கப்பட்டது. லாரி விளக்குகள் போய், காதர் பாயின் சொந்தக்காரர் கல்கத்தாவில் தேடி அனுப்பிய பழைய விளக்குகள் வந்தன. ரெக்சின் சீட்டைக் கிழித்துவிட்டு, ஆம்பூரிலிருந்து வந்த தோலை நான் தைத்தேன். நீங்கள் ஓட்டிப் பார்க்க முதலில் போனது பெரார்கஞ்ச் சாலை. இரண்டு பக்கமும் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, “தவளைக்கு என்ன ஆச்சு?” என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினீர்கள்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. படகில் இருந்தபோது கடல்தண்ணீர்க் குழாய்க்காக அப்பா இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டிருந்தார். அதைப் பித்தளை மூடியால் அடைத்திருந்தோம். மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டீர்கள். “கேட்டா சொல்லிடலாம்” என்றீர்கள்.

கேட்டார்கள். கல்கத்தாவில் அந்த மைதானத்தில் ராஜா வீட்டுக் கார்கள் எல்லாம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தன. பரிசோதிக்க வந்த வங்காளிப் பெரியவர் எண்ணைத் தகட்டோடு ஒப்பிட்டார். தலையாட்டினார். பிறகு அவர் விரல் நேராக அந்தப் பித்தளை மூடியில் போய் நின்றது. இது தொழிற்சாலையில் போட்டதில்லையே, என்ன இது என்றார்.

இவ்வளவு தூரம் கப்பலில் வந்து, இதில் போய்விடுமா என்று நினைத்தேன். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஹிந்தியில் நிதானமாகச் சொன்னீர்கள். இந்த இன்ஜின் இத்தனை வருஷம் படகில் ஓடியது, ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, இது கடல்தண்ணீர் வந்த வழி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் படகு என்று கேட்டார்.

“காடி மேரா ஹை. இன்ஜின் இன்கா” என்று என்னைக் காட்டினீர்கள். கார் என்னுடையது, இன்ஜின் இவங்களோடது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி அந்த மூடியைப் பார்த்தார். அதற்கு மார்க் குறையும், ஆனால் இன்ஜின் சரியான இன்ஜின்தான், ஓடலாம் என்றார். உங்கள் கை என் முழங்கையை இறுகப் பிடித்தது. பொது இடத்தில் நீங்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் குளிர். நம் ஊரில் இல்லாத குளிர். கொடி அசைந்து நம் முறை வந்தபோது இன்ஜின் ஓட மறுத்தது. நீங்கள் புத்தகத்தில் இருந்தபடி எல்லாம் செய்தீர்கள். பின்னால் இருந்த கார்கள் ஹாரன் அடித்தன. உங்கள் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. எனக்கு அந்த அடம் தெரியும். விடியற்காலை ஜெட்டியில் எத்தனையோ நாள் பார்த்த அடம். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்தினேன்.

“இப்ப சுத்துங்க.”

ஒரு இருமல், இன்னொரு இருமல். கையை எடுத்தேன். பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் ஓடிவந்து ஏறும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தீர்கள்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி நேரம் போனது. ஒரு இடத்தில் நான் சொன்ன வழி தப்பு. ஆனால் முடித்தோம். முடித்த இடத்தில் எல்லாரும் இறங்கிப் போனபிறகு நீங்கள் என்னை ஓட்டுகிற பக்கம் நகரச் சொன்னீர்கள். நீங்கள் சுற்றிவந்து என் இடத்தில் உட்கார்ந்தீர்கள். “எங்கப்பா ஒருநாளும் இதுல இப்படிச் சும்மா உக்காந்ததில்ல” என்றீர்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கார் நம்மோடு பல வருஷம் இருந்தது. நம் மகனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனது. பிறகு கடல்காற்று தகட்டைத் தின்ன ஆரம்பித்தபோது, பெங்களூரில் இப்படிப்பட்ட கார்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். “ஓடுற இடத்துல இருக்கட்டும்” என்றீர்கள். கப்பலில் ஏற்றியபோது நான்தான் அழுதேன். உங்களுக்குக் கொடுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு அது மெதுவாகத்தான் வந்தது.

போன மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நம் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாளே, நிக்கோபார் பக்கம் காட்சால் தீவிலிருந்து வந்த பெண், அவளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்றான் மகன். டூரிஸ்ட்டுகளுக்கு டிக்கெட் போடுகிற ஆபீஸை அங்கே திறக்கப் போகிறானாம். வீடு அவனுடையதுதான், கேட்பதில் தப்பில்லை.

“மொதல்ல அவளுக்கு வேற எடம் பாரு. அங்கன அவ கொஞ்ச நாள் தைக்கட்டும். நல்லாருக்குன்னு அவளே சொன்னபெறகு இதை எடுத்துக்க” என்றேன்.

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். “அப்பா பேசுற மாதிரியே இருக்கு” என்றான். பாராட்டாகச் சொல்லவில்லை.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு அறையைக் காட்டியிருக்கிறான். வெளிச்சம் போதாது, ஊசியில் நூல் கோக்கக் கஷ்டம் என்றாளாம். வந்து என்னிடம் சொல்லும்போது அவன் தாடை இறுகியிருந்தது. யெரட்டா ஜெட்டியில் உங்களுக்கு இறுகிய மாதிரியே.

“அதுக்கு நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? சரி, வேற பாக்கலாம்னு சொன்னேன்” என்றான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நான் அவனுக்கு இன்னும் ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தேன்.